ஸ்லீப்பிங் டாக்ஸ்: எதை ஆடலாம், எதைத் தொடாமல் விடலாம்

ஒரு ஊர் முழுக்க இஷ்டப்படி சுற்றித் திரியும் ஜிடிஏ வகை கேம்களை ஆடிய பழக்கத்தில், அதே வகையைச் சேர்ந்த ஸ்லீப்பிங் டாக்ஸைத் திறந்தால் முதல் ஓரிரு மணி நேரம் எரிச்சலாகத்தான் இருக்கும். கையில் துப்பாக்கி வராது, விமானம் ஹெலிகாப்டர் எதையும் ஓட்ட முடியாது, ஊர் சின்னது, துரத்தும் போலீஸிடமிருந்து தப்புவதும் ரொம்பச் சுலபம். இதையெல்லாம் பார்த்துவிட்டுப் பாதியில் அன்இன்ஸ்டால் செய்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் குறைகள் எதுவும் பொய்யில்லை. ஆனால் இது அடிப்படையில் ஒரு கைச்சண்டை கேம். கை, கால், முழங்கை, பக்கத்தில் நிற்கும் மீன் தொட்டி, இவைதான் இதில் ஆயுதம். ஹாங்காங் அந்தச் சண்டைகளுக்கான மேடை, அவ்வளவுதான். அப்படி எடுத்துக்கொண்டு, மேப்பில் தெரியும் எல்லாக் குறிகளையும் துடைத்து முடிக்கும் ஆசையை விட்டுவிட்டால், இந்த வகை கேம்களில் இதைப் போலச் சுவையானது குறைவு. எந்த வரிசையில் எதைச் செய்வது, எதைக் கண்டுகொள்ளாமல் போவது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சின்ன வரலாறு, ஏனென்றால் கேமில் சில இடங்கள் ஏன் அரைகுறையாக இருக்கின்றன என்பது அதில் கொஞ்சம் புரியும். கனடாவின் வான்கூவரில் இருந்த யுனைடெட் ஃப்ரன்ட் கேம்ஸ் இதை உருவாக்கியது. ஆக்டிவிஷன் நிறுவனத்துக்காக ட்ரூ க்ரைம் வரிசையின் அடுத்த கேமாகத்தான் இது தயாராகிக்கொண்டிருந்தது. 2011 பிப்ரவரியில் ஆக்டிவிஷன் கைகழுவிவிட்டது. இந்த வகையின் உச்சத்தில் இருப்பவற்றோடு போட்டி போட முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். அதே ஆண்டு ஸ்கொயர் எனிக்ஸ் வெளியீட்டு உரிமையை வாங்கியது, பழைய பெயர் மட்டும் கூட வரவில்லை. 2012 ஆகஸ்டில் புதுப் பெயரோடு வெளிவந்தது. நல்ல சண்டை அமைப்பு, நல்ல நகரம், ஆனால் அதைச் சுற்றி ஒட்டவைத்த சில விஷயங்கள் மெல்லிசாக இருப்பதைப் பார்க்கும்போது, இந்த ஆள் மாறிய கதை அதில் தெரிகிறது என்றே எனக்குத் தோன்றும்.

ஆரம்பிக்கும் முன்

இன்றைக்கு வாங்கினால் பெரும்பாலும் 2014 அக்டோபரில் வந்த டெஃபினிடிவ் எடிஷன்தான் கிடைக்கும். பழைய கேமோடு கூடுதல் உள்ளடக்கங்கள் அத்தனையும் அதிலேயே இருக்கும். ஆன்லைன் கடைகளில் தள்ளுபடி அடிக்கடி வரும், முழு விலை கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

கணினியில் ஆடுகிறவர்கள் செட்டிங்ஸில் ஒன்றை மட்டும் மறக்காமல் பார்க்க வேண்டும்: ஆன்டி அலையாசிங், அதாவது படத்தின் ஓரங்களில் தெரியும் படிப்படியான கோடுகளை மென்மையாக்கும் வசதி. அதை உச்சத்தில் வைத்தால் கேம் ஒவ்வொரு காட்சியையும் பெரிய அளவில் வரைந்து பிறகு சுருக்கிக் காட்டும். நல்ல கிராஃபிக்ஸ் கார்டே மூச்சு வாங்கும். நார்மலில் வையுங்கள், பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை, வேகம் மட்டும் எகிறும். மற்றவற்றைக் கொஞ்சம் ஏற்றியே வைத்துக்கொள்ளலாம், குறிப்பாக மழை பெய்யும் இரவில் நியான் பலகைகள் தார்ச்சாலையில் தெரியும் அந்தக் காட்சிக்காக. இந்தக் கேமின் அழகில் பாதி அந்த ஈரச் சாலையில் இருக்கிறது. கன்ட்ரோலர் இருந்தால் அதையே எடுங்கள். கீபோர்டில் ஆடலாம், சண்டை கூடச் சரியாக வரும், ஆனால் வண்டி ஓட்டுவது வெட்டி வெட்டி இருக்கும்.

இன்னொன்று, இது பெரியவர்களுக்கான கேம். ஐஸ் அரைக்கும் இயந்திரத்தில் ஆளைத் தலைகீழாகத் தள்ளும் காட்சிகள் உண்டு, கெட்ட வார்த்தைகள் ஆங்கிலத்திலும் கான்டனீஸிலும் தாராளமாக வரும். வீட்டு ஹாலில் ஸ்பீக்கரைத் திருப்பி வைத்து ஆடுவதற்கான சரக்கு இல்லை.

ஆடத் தொடங்கியதும் வரும் முதல் சோதனை, இலவசமாகக் கிடைக்கும் பொருட்கள். டெஃபினிடிவ் எடிஷனில் உங்கள் அலமாரியைத் திறந்தால் கூடுதல் பேக்குகளில் வந்த உடைகள் ஏற்கெனவே தொங்கும். அவற்றில் சில அடியின் வலுவைக் கூட்டும், சில வேறு சலுகை தரும். ஊருக்குள் ஆங்காங்கே சிவப்பு உறைகளும் கிடக்கும், எடுத்தால் பணம் கொட்டும். இரண்டையும் தொடாதீர்கள். தொட்டால் என்ன ஆகும் என்றால், தெருவில் ஒன்றுமில்லாமல் வந்து நிற்கும் ஒருவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டை மாற்றி, வண்டி மாற்றி, மேலே ஏறும் அந்த உணர்வு முதல் நாளே செத்துவிடும். பிறகு பணத்தை வைத்துக்கொண்டு வாங்க எதுவும் இருக்காது. கதையை முடித்த பிறகு அந்த உடைகளைப் போட்டுக்கொண்டு கூத்தடியுங்கள், அப்போது பாதகமில்லை.

சண்டை

நாயகன் வெய் ஷென். ஹாங்காங்கில் பிறந்து சான் ஃபிரான்சிஸ்கோவில் வளர்ந்த போலீஸ்காரன். சன் ஆன் யீ என்ற ட்ரையட், அதாவது சீன ரவுடிக் கும்பலுக்குள் உளவாளியாக நுழைகிறான் (நிஜத்தில் இருக்கும் ஒரு கும்பலின் பெயரைக் கொஞ்சம் புரட்டிப் போட்டதுதான் அது). ஆரம்பத்தில் அவனுக்குத் தெரிவது சாதாரணக் குத்து, பிடி, எதிரடி இந்த மூன்றுதான். அடிக்க வருகிறவன் உடல் சிவப்பாக மின்னும் நொடியில் எதிரடிப் பொத்தானை அழுத்தினால் அவன் கை உங்கள் கையில் இருக்கும்.

புதிதாக ஆடுகிறவர்கள் பொதுவாகச் செய்வது, குத்துப் பொத்தானை மட்டும் விடாமல் தட்டுவது. முதல் சில சண்டைகளில் அது போதும். பிறகு பிடிக்குச் சிக்காத பெரிய உடம்புக்காரர்கள் வருவார்கள், கத்தி வைத்திருப்பவர்கள் வருவார்கள், நாலு பேர் சுற்றி நிற்பார்கள், பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால் நடுவில் மாட்டிக்கொண்டு அடி வாங்குவீர்கள். அதனால் முதல் நாளிலிருந்தே இரண்டு அடி, நிறுத்து, பார், எதிரடி என்ற தாளத்துக்குப் பழகுங்கள். நிறுத்துவதுதான் முக்கியம். ஒரே காம்போவை (தொடர் அடியை) இழுத்து முடிக்க ஆசைப்படும்போதுதான் பின்னாலிருந்து ஒருவன் இறக்குவான்.

இதோடு பிடியைச் சேர்க்கவும். ஒருவனைப் பிடித்தவுடன் சுற்றிப் பாருங்கள். சில பொருட்கள் சிவப்பாக ஒளிரும். டெலிஃபோன் பூத், குப்பைத் தொட்டி, மின்சாரப் பெட்டி, லிஃப்ட் கதவு, காரின் டிக்கி, இறைச்சிக் கொக்கி, சண்டை நடக்கும் இடத்தைப் பொறுத்து ஏதாவது ஒன்று இருக்கும். அங்கே இழுத்துக்கொண்டு போனால் ஒரே அடியில் ஒருவன் கணக்கு முடிந்தது, மற்றவர்கள் ஒரு கணம் தயங்கி நிற்பார்கள். பெரிய கூட்டத்தோடு மோதும்போது முதலில் குத்தத் தொடங்காமல், அந்த இடத்தில் சிவப்பாக எது இருக்கிறது என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்று சண்டை போடுங்கள். சண்டை நடுவே கேமரா அவ்வப்போது சுவரில் முட்டிக்கொண்டு எதுவும் தெரியாமல் போகும். அது இந்தக் கேமின் தீராத குறை; மூலையில் நிற்காமல் திறந்த இடத்துக்கு நகர்வதைத் தவிர அதற்கு வேறு மருந்து கிடையாது.

புது அடிகள் கற்க முக்கிய வழி ஜேட் சிலைகள். சீன ராசி விலங்குகளின் 12 சிலைகள் ஊர் முழுக்கச் சிதறியிருக்கின்றன. ஒவ்வொன்றையும் கொண்டுபோய் நார்த் பாயின்ட் பகுதியில் இருக்கும் சண்டைக் குருவிடம் கொடுத்தால் ஒரு அடி சொல்லித்தருவார். சேகரிக்கும் பொருட்களில் இதற்குத்தான் முதலிடம். ஒரு சிலை கிடைத்தவுடன் கையில் வைத்துக்கொண்டு திரியாமல் நேராகக் குருவிடம் போய்விடுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு புது அடியும் அடுத்த பத்துச் சண்டைகளின் சுவையை மாற்றும். கதை ஓடும்போது சிலைகளை விட்டுவிட்டுக் கடைசியில் மொத்தமாகத் தேடுகிறவர்கள், சண்டை போட ஆளே இல்லாத நேரத்தில் எல்லா அடிகளையும் கற்றுக்கொண்டு நிற்பார்கள்.

அடுத்தது கோயில்கள், அதாவது தெருவோரச் சிறு பூஜை மாடங்கள். மொத்தம் 50, ஒவ்வொரு 5 மாடத்துக்கும் உடல்பலம் கொஞ்சம் கூடும். இவற்றை அலைந்து தேட வேண்டாம். தொடக்கத்திலேயே வரும் அமாண்டா என்ற பெண்ணோடு வெளியே போய் வந்தால் மாடங்கள் மேப்பில் தெரியத் தொடங்கும். பிறகு மிஷனுக்குப் போகிற வழியில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டே போனால் போதும்.

சண்டைக்குப் போகும் முன் தெருக்கடையில் ஏதாவது வாங்கிச் சாப்பிடுங்கள். சாப்பாடு கொஞ்ச நேரத்துக்கு உடல்பலத்தைத் தானாக ஏற்றும், எனர்ஜி டிரிங்க் அடியின் வலுவைக் கூட்டும், மூலிகைத் தேநீர் வாங்கும் அடியைக் குறைக்கும். பலரும் இதைக் கவனிப்பதே இல்லை. நைட் மார்க்கெட்டில் பன்றி இறைச்சி பன் விற்பவர் விடாமல் கூவிக்கொண்டே இருப்பார், அவருக்காகவாவது ஒன்று வாங்கலாம்.

மதிப்பெண் கணக்கு

ஒவ்வொரு மிஷனிலும் இரண்டு மதிப்பெண் ஓடும், போலீஸ் ஒன்று, ட்ரையட் ஒன்று. போலீஸ் மதிப்பெண் தொடக்கத்தில் முழுதாக இருக்கும், நீங்கள் தப்புச் செய்யச் செய்யக் குறையும். வழியில் போகிறவரை இடித்தால் குறையும், கம்பத்தை உடைத்தால் குறையும். ட்ரையட் மதிப்பெண் காலியாகத் தொடங்கும், விதவிதமாக அடித்தால் ஏறும். நல்ல யோசனைதான், உளவாளிக்குள் இருக்கும் இரண்டு ஆட்களைக் காட்ட நினைத்திருக்கிறார்கள். நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், முக்கால்வாசி நேரம் போலீஸாக இருப்பது என்பது ஒழுங்காக வண்டி ஓட்டுவது என்றே முடிந்துவிடுகிறது. வீட்டுக்குள் புகுந்து பத்துப் பேரின் எலும்பை முறிப்பதில் போலீஸுக்குப் பிரச்சினை இல்லை, வெளியே வந்து நடைபாதைக் கம்பியை உரசினால் கோபம் வருகிறது.

இதைக் கணக்கில் வைத்துக்கொண்டு ஆட ஒரு எளிய வழி: மிஷனில் வண்டி ஓட்டும் பகுதி வந்தால் முடிந்தவரை பைக் எடுங்கள். இடுக்கில் நுழையும், எதையும் இடிக்காது. ஹாங்காங்கில் நம் ஊரைப் போலவே சாலையின் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால், அமெரிக்க நகர கேம்களில் எதிர்த்திசையில் போய் முட்டிக்கொள்ளும் தொல்லை நமக்கு இங்கே இல்லை. ட்ரையட் மதிப்பெண்ணுக்கு, ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் போடாமல் மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொரு சண்டையிலும் இரண்டு மூன்று பேரையாவது சுற்றியுள்ள பொருட்களில் முடித்தால் தானாக நிரம்பும்.

மூன்றாவதாக ஃபேஸ் என்று ஒன்று, தெருவில் உங்களுக்கு இருக்கும் மதிப்பு. பொதுமக்களுக்குச் சின்னச் சின்ன உதவிகள் செய்தால் ஏறும், ஏற ஏற நல்ல உடைகளும் வண்டிகளும் வாங்க வழி திறக்கும். இந்த உதவிகள் சில சிரிக்கவைக்கும், பெரும்பாலானவை இரண்டு நிமிடத்தில் முடிந்து மறந்தும் போகும். அவற்றைத் தேடிப் போகாமல் வழியில் வந்தால் செய்யுங்கள்.

வண்டியும் துப்பாக்கியும்

வண்டி ஓட்டுவதில் பாரமே தெரியாது. எல்லாக் காரும் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும், நிஜ ஓட்டத்தை எதிர்பார்க்கிறவர்களுக்குப் பிடிக்காது. அதற்கு ஈடாக இரண்டு விஷயங்களைக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று, பக்கத்தில் வரும் வண்டியை ஒரே பொத்தானில் பக்கவாட்டில் மோதித் தள்ளுவது. துரத்தல் மிஷன்களில் துப்பாக்கியை எடுப்பதைவிட இதுதான் வேகம், போலீஸ் துரத்தும்போதும் இதுவே போதும். இன்னொன்று, ஓடும் வண்டியிலிருந்து ஓடும் வண்டிக்குத் தாவுவது. பின்னாலிருந்து ஒரே வேகத்தில் நெருங்கி, குறி பச்சையானதும் தாவினால் சரியாக உட்காரும். நம் ஊர் மசாலாப் படத்தில் கூட யோசித்துச் செய்வார்கள், இங்கே சும்மா வேலைக்குப் போகிற வழியில் செய்யலாம்.

துப்பாக்கிச் சண்டைதான் கேமின் பலவீனமான பகுதி. கதையில் சில மணி நேரம் கழித்துத்தான் வரும், பின்பாதியில் அளவுக்கு மேல் வரும். மறைவில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துச் சுட்டால் சீக்கிரம் அலுத்துவிடும். மறைவைத் தாண்டிக் குதிக்கும்போது நேரம் மெதுவாகும், அந்த மெதுநேரத்தில் இரண்டு தலைகளைக் குறிவைத்துச் சுட்டுவிட்டு அடுத்த மறைவுக்குப் போங்கள். அப்படி ஆடினால் சுமாரான பகுதி கூடச் சுவாரசியமாகிறது. போலீஸ் மதிப்பெண்ணால் திறக்கும் திறன் பட்டியலில் இந்த மெதுநேரத்தை நீட்டிப்பது போன்றவை இருக்கும், புள்ளி கிடைத்தால் அங்கே போடலாம்.

எதை விடலாம்

பூட்டுப் பெட்டிகள். ஊர் முழுக்க நிறைய இருக்கும், திறந்தால் கொஞ்சம் பணமோ ஒரு சட்டையோ வரும். பணத்துக்குக் கஷ்டமே வராத கேமில் இதற்கு எதற்கு அலைய வேண்டும்? வழியில் கண்டால் எடுங்கள், இல்லையென்றால் விடுங்கள்.

சிசிடிவி கேமராக்கள் அதைவிடக் கொஞ்சம் மேல். கேமராவைச் சுற்றி நிற்கும் அடியாட்களை அடித்துவிட்டு அதை ஹேக் செய்து, பிறகு உங்கள் வீட்டு டிவியில் பார்த்து, கூட்டத்தில் யார் போதைப்பொருள் விற்பவன் என்று காட்டிக்கொடுத்தால் போலீஸ் வந்து அள்ளும். முதல் சில முறை நன்றாக இருக்கும். பிறகு எல்லாமே ஒன்றுதான். ஹேக் செய்யும்போது வரும் நான்கு எண் புதிரில் குருட்டாம்போக்கில் அடிக்காமல், முதலில் நான்கு வெவ்வேறு எண்களைப் போட்டு எது இருக்கிறது, எது இடம் மாறி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நகர்த்தினால் சட்டென்று விழும்.

பெண்களோடு வெளியே போகும் பகுதிதான் ரொம்ப ஏமாற்றம். அமாண்டாவுக்குக் குரல் கொடுத்திருப்பது எம்மா ஸ்டோன், வேறொரு பாத்திரத்துக்கு லூசி லியு. போஸ்டரில் போடப் பெயர்கள் கிடைத்தன, கேமில் அவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. ஒன்றிரண்டு சந்திப்பு, அப்புறம் ஆளே காணாமல் போய்விடுவார்கள், வெய் ஷென்னின் இரட்டை வாழ்க்கை அவர்களை ஏதாவது செய்ததா என்று கேமுக்கே அக்கறை இல்லை. மேப்பில் குறிகள் திறக்க உதவும் என்பதற்காக மட்டும் செய்யலாம்.

சேவல் சண்டைப் பந்தயம், கரோக்கி எல்லாம் ஒரு முறை பார்க்கலாம். கரோக்கி மோசமில்லை, முழுப் பாட்டும் உட்கார்ந்து பாடிவிட்டு அடுத்த நிமிடம் ஆளை மீன் தொட்டியில் அமுக்கப் போகும் கேம் வேறு எது இருக்கிறது.

விடக் கூடாதது இன்ஸ்பெக்டர் டெங் கொடுக்கும் போலீஸ் வழக்குகள். தொடர் கொலைகாரன் ஒருவனைப் பற்றிய வழக்கு, தெருப் பந்தயக்காரர்களைப் பற்றிய வழக்கு என்று சில உண்டு. வெய் ஷென் ஒரு போலீஸ்காரன் என்பது கேமுக்கு ஞாபகம் இருக்கும் இடம் இவைதான். கதை மிஷன்கள் உங்களை முழுக்க ரவுடியாக்கிக்கொண்டிருக்கும்போது நடுவில் இவற்றைச் செருகி ஆடினால் அந்த இழுபறி ஒழுங்காக உறைக்கும். எல்லா வழக்குகளையும் கடைசியில் ஆடலாம் என்று ஒத்திப்போட்டால் அது வெறும் சைடு மிஷன் வரிசை.

கதை

முக்கியக் கதை சுமார் 15 மணி நேரம். அடித்துப்பிடித்து ஓடாமல், ஆனால் ரொம்ப இடைவெளியும் விடாமல் ஆடுங்கள். வில் யுன் லீ வெய் ஷென்னுக்குக் கொடுத்திருக்கும் குரல் கதையைத் தூக்கி நிறுத்துகிறது. பழைய சிநேகிதன் ஜாக்கி மா, அவனுக்கு ரவுடியாக ஆசை, தகுதி மட்டும் இல்லை. வெய் ஷென் அவனைக் காப்பாற்ற நினைப்பதும் அவனையே ஏணியாகப் பயன்படுத்துவதும் ஒன்றாக நடக்கும். ஜாக்கி வரும் மிஷன்களில் பேச்சைத் தாண்டிவிடாதீர்கள், வண்டியில் போகும்போது நடக்கும் உரையாடல்களில்தான் பாதிக் கதை இருக்கிறது. சப்டைட்டிலை ஆன் செய்து வையுங்கள், கான்டனீஸ் சொற்கள் நடுவில் வந்துகொண்டே இருக்கும்.

பலவீனம் எங்கே என்றால், நடுவில் ஒரு கல்யாண மிஷன் வரும், அதுவரை கதை பிரமாதமாக ஏறும், அதற்குப் பிறகு கும்பலுக்குள் யார் தலைவன் என்ற அரசியலில் நிறையப் பேர் அவசர அவசரமாக வந்து போவார்கள். கடைசி வில்லனைப் பற்றி நமக்குப் பயம் வருமளவு முன்பே காட்டவில்லை. உளவாளி மாட்டிக்கொள்வானா என்ற பதற்றமும் பின்பாதியில் குறைந்துவிடுகிறது. கல்யாண மிஷனுக்கு முன்னால் சிலைகள், மாடங்கள், வழக்குகள் எல்லாவற்றையும் பெருமளவு முடித்துக்கொண்டு, அதற்குப் பிறகு வேறு எதையும் தொடாமல் கதையை மட்டும் ஒரே மூச்சில் ஓட்டினால் இந்த ஓட்டைகள் அவ்வளவாகத் தெரியாது. நடு நடுவே பந்தயம், பெட்டி என்று போனால் யார் யாருக்கு எதிரி என்பதே மறந்துவிடும்.

கதை முடிந்த பிறகு கூடுதல் பகுதிகள் மூன்று இருக்கின்றன. நைட்மேர் இன் நார்த் பாயின்ட்டில் துள்ளித் துள்ளி வரும் சீனப் பேய்களோடு அடிதடி; விளையாட்டாக எடுத்தது, ஒரே மாலையில் முடியும். ஜோடியாக் டோர்னமென்ட் ஒரு தீவில் நடக்கும் சண்டைப் போட்டி, எழுபதுகளின் குங்ஃபூ படம் போல அரிப்பும் கீறலும் விழுந்த படச்சுருள் தோற்றத்தோடு. சண்டைக்காகவே இந்தக் கேமை ஆடியவர்கள் முதலில் எடுக்க வேண்டியது இதுதான். இயர் ஆஃப் த ஸ்நேக் கதைக்குப் பிறகு நடப்பது, வெய் ஷென் சீருடை போட்டு ரோந்து போவான். அதில் வண்டியும் துரத்தலும் அதிகம், அடிதடி குறைவு, நேரம் இருந்தால் மட்டும் ஆடலாம்.